வெற்றிடத்தின் எண்

மினசோட்டாவின் அந்தக் கல்லூரிக் கணினி அறையில் வெண்டல் ஹாகன் ஏழு வருடமாகத் தற்காலிக ஊழியன். கல்லூரியின் பொதுக் கணினியான யூனிக்ஸ் இயந்திரத்தின் சகல அதிகாரமும் அவன் கையில்தான். வேலை மட்டும் ஜூனுக்கு ஜூன் நீட்டிப்பார்களா என்று ஊசலாடும்.

போன செப்டம்பரில் டீன் ஆர்டித் நைக்விஸ்ட் அவனைக் கூப்பிட்டார்.

"வெண்டல், இனிமே புகாரெல்லாம் கம்ப்யூட்டர்லயே வரணும். பணியாளர் ஆபீஸ்ல ஒரு பிரிண்டர்ல விழுற மாதிரி பண்ணிடு."

"பிரிண்டர் இல்லையே, மேடம்."

"அது அடுத்த வருஷம் பாக்கலாம். இப்போதைக்குப் பேரு இருந்தா போதும்."

பேர் வைப்பது ஒரு நிமிட வேலை. அந்த இயந்திரத்தில் கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு உண்டு. கோப்பின் பெயர் மனிதர்களுக்கு. இயந்திரம் பெயரைச் சட்டை செய்யாது, கூடவே கொடுக்கிற இரண்டு எண்களைத்தான் பார்க்கும். மேக்நோட் என்ற கட்டளையில் பெயரையும் எண்களையும் சொன்னால் கோப்பு பிறந்துவிடும். அந்தக் கருவி எங்கேயாவது இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். வெண்டல் 'புகார்' என்று பெயரிட்டு 3, 2 என்று எண் கொடுத்தான். அது வெற்றிடத்தின் எண். எதைப் போட்டாலும் விழுங்கும், ஏப்பம்கூட விடாது.

புகார்கள் போயின. ஒரு பிழைச் செய்தியும் திரும்பவில்லை. பனி உருகுவதற்குள், நிலுவையில் புகாரே இல்லாத கல்லூரி என்று டீனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். விஷயம் தெரிந்த வெண்டல் வாயைத் திறக்கவில்லை. தற்காலிக ஊழியனுக்கு வாய் எதற்கு?

ஏப்ரலில் நிரந்தர வேலை ஒன்று அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நியமன ஆணை பணியாளர் அலுவலகத்துக்குப் போகாவிட்டால் அந்த இடமே ரத்து. வெண்டல் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு டீனின் செயலாளர் பெவ்விடம் போனான்.

"காகிதமா? அதெல்லாம் கிடையாதுப்பா. விண்ணப்பம், ஆணை எல்லாமே இனி 'புகார்' வழியாத்தான். டீன் உத்தரவு."

"பெவ், அது வழியா போனா..."

"நீ செஞ்சத நீயே நம்பலேன்னா எப்படி?" என்று சிரித்துவிட்டு டோனட்டைக் கடித்தாள்.

வெள்ளி மதியம் வெண்டல் கிடங்கிலிருந்து ஒரு பழைய பிரிண்டரை இழுத்துவந்து பணியாளர் அலுவலக மூலையில் மாட்டினான். அதன் எண் 1, 5. பழைய கோப்பை அழித்துவிட்டு அதே பெயரில் புதிது படைத்தான். அவசரத்தில் ஐந்துக்குப் பதில் ஏழு விழுந்ததை அவன் கவனிக்கவில்லை. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு மூலைக்கு ஓடினான். பிரிண்டர் அசையவில்லை.

1, 7 என்பது டீன் அறையிலிருந்த திரை. அங்கே கல்லூரி நிர்வாகக் குழுவினர் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். டீன் கேடயத்தைக் காட்டி, "ஒரு புகார்கூட..." என்று ஆரம்பிக்கவும், யாரோ அன்று அனுப்பிய புகாரைத் திரை எழுதத் தொடங்கியது.

"மூணாவது மாடி கழிப்பறை அக்டோபர்லேருந்து அடைச்சிருக்கு. இதோட பதினோரு தடவை எழுதிட்டேன். யாராவது உயிரோட இருக்கீங்களா?"

அதற்கடியில் ஹீட்டர் ஓடவில்லை என்று இன்னொன்று. அதற்கடியில் வெண்டலின் விண்ணப்பம்.

குழுவினர் கோட்டுகளை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் வெண்டலுக்கு ஆள் போனது. அப்போது மணி நாலே முக்கால்.

"என்ன பண்ணித் தொலைச்சே?"

"மேடம், உண்மையச் சொல்லிடறேன். இத்தனை நாளா அது..."

"இத்தனை நாளா அருமையா வேலை செஞ்சுது! ஒரு சத்தம் உண்டா? இன்னிக்குத்தானே கெட்டுப்போச்சு? உடனே பழையபடி ஆக்கு. ஆக்கினா அந்த நிரந்தர வேலை உனக்குத்தான். சொல்லு, சின்னக் கோளாறுதானே? இல்ல, வேற ஏதாவதா?"

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஏழு ஜூன்கள் நினைவுக்கு வந்தன. வெட்கமாகத்தான் இருந்தது.

"சின்னக் கோளாறுதான், மேடம்."

அங்கேயே, டீனின் விசைப்பலகையிலேயே, கோப்பை அழித்து, பழையபடி வெற்றிடத்தின் எண்ணான 3, 2 கொடுத்துப் படைத்தான். டீன் அவனை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்து நியமன ஆணையைத் தட்டினார். வெண்டல் ஹாகன், நிரந்தரம். 'புகார்' வழியே அனுப்பும் விசையை அழுத்தினார்.

"பாத்தியா? ஒரு பிழையும் வரல. இப்பதான் ஒழுங்கா வேலை செய்யுது!"

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருந்தது.

"ஆமா, மேடம்," என்றான் வெண்டல்.