அரசிக்கு வேண்டிய பேத்தி

என் மாமியார் இராசாத்திக்கு எழுபத்துநாலு வயது. சிசிலித் தீவின் பலெர்மோவில் எங்கள் தமிழ்க் கோயில் பங்குச் சனத்தில் திருநாளுக்கு யார் மாதா சுரூபம் தூக்குவது, யார் யாரைக் கட்டுவது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். மூன்று மகன்களும் அவர் முன்னால் வாய் திறக்கமாட்டார்கள். என் புருசன் பெனடிக்ற் அதில் முதல் ஆள்.

இந்த வருடத் திருநாள் கூத்துக்கு கூத்துப் பழக்கும் அண்ணாவியார் யோசேப், எலியனோர் என்ற பழைய அரசியின் கதையை எடுத்தார். எழுபதை நெருங்கும் வயதில் மகனுக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு இந்தச் சிசிலிக்கே வந்தவளாம். எண்பதை நெருங்கும்போது, பகையைத் தீர்க்க ஒரு பேத்தியை எதிரி வீட்டில் கட்டிக்கொடுக்கவென்று மலை தாண்டிப் போனாளாம். இரண்டு பேத்திகளில் இளையவளைத் தெரிந்தெடுத்தாளாம். "அரசி நான்தான்," என்றார் மாமி. வேறு யார் வாய் திறப்பது?

இளைய பேத்தியாக என் மகள் அபிதா. மூத்தவளாக, பங்கில் எதிர்ப்பக்கத்துக்குத் தலைவரான கொட்வினின் மகள் கேசிகா. திருநாளை யார் நடத்துவது என்று கொட்வினுக்கும் மாமிக்கும் நாலு வருடப் பகை, சனமும் இரண்டுபட்டுக் கிடந்தது. அதைத் தீர்க்க அபிதாவைக் கொட்வினின் மகனுக்குக் கொடுப்பதென்று மாமி முடிவெடுத்துவிட்டார். கூத்து முடிய மேடையிலேயே அறிவிப்பு. அபிதாவுக்குப் பத்தொன்பது வயது. பொலோஞ்ஞாப் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்திருந்தது.

"பிள்ளையிட்டை ஒரு சொல்லுக் கேப்பம் மாமி," என்றேன்.

"உன்னைக் கட்டேக்கை உன்னட்டை ஆர் கேட்டது?"

உண்மைதான், ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்ச் சோறு வடித்தேன்.

ஊரில் கூத்து விடியும்வரை நடக்கும். இங்கே பங்கு மண்டபத்துச் சாவியை ஆறு மணிக்குக் கொடுக்கவேண்டும், அதனால் ஞாயிறு மத்தியானமே தொடங்கினோம். நான் பிற்பாட்டுக்கு நின்றேன். ஆடுபவர் எந்த அடியைப் பாடினாலும் நாங்கள் பத்துப்பேர் அதைத் திருப்பிப் பாடவேண்டும். யோசிக்க நேரமில்லை, காது கேட்கும், வாய் பாடும்.

ஜிகினாக் கிரீடத்தோடு மாமி கை நீட்டினார். "வாராய் என் இளையவளே, மணமுடிக்க வாராய்."

"உம் சித்தம் என் சித்தமே," என்று அபிதா பாடவேண்டும். அவள் அதே மெட்டில், தாளம் தப்பாமல், "நான் வரமாட்டேனே," என்று பாடினாள். பழக்கதோசம், பத்துப்பேரும் உரத்துத் திருப்பிப் பாடிவிட்டோம்: "நான் வரமாட்டேனே!"

கொட்வின் எழும்பி நின்றார். எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது.

மாமி அசையவில்லை. கொட்வினைப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் இருந்த தன் மகன் வழிப் பேரனை, கலியாணமாகாத ஜெனிஸ்டனைப் பார்த்தார். நீட்டிய கை மெல்லக் கேசிகா பக்கம் திரும்பியது. பெண் கொடுக்க முடியாவிட்டால் பெண் எடுப்பது. எப்படி வந்தாலும் சமாதானம் சமாதானம்தானே.

"இராசாத்தியக்கா, சரித்திரம் பிழைக்குது, அரசி கூட்டிப்போனது இளையவளை," என்று கிசுகிசுத்தார் அண்ணாவியார்.

"பிழைச்சால் பிழைக்கட்டும். நீர் மத்தளத்தை அடியும்."

பிறகு பாடினார். "வாராய் என் மூத்தவளே, மணமுடிக்க வாராய்."

கொட்வினுக்கு விசயம் விளங்கிவிட்டது. தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கேசிகா தகப்பனைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். நான் குனிந்து பாட்டுக் கொப்பியைப் புரட்டினேன்.

"உம் சித்தம் என் சித்தமே," என்று அவள் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. நாங்கள் பத்துப்பேர் திருப்பிப் பாடியதுதான் மண்டபத்துக்குக் கேட்டது. அதில் என் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றதாம், அபிதா சொன்னாள்.