பவுணுக்குக் குஞ்சு வேண்டுமா?

யோசப் வீட்டில் பவுண் என்றால் பாம்பு. செம்மஞ்சள் நிறம், விஷம் கிடையாது, கையில் எடுத்தால் சட்டைக் கைக்குள் புகுந்து சுருண்டுகொள்ளும். பதினாறாவது பிறந்தநாளுக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று மகள் மெலனி ஒற்றைக்காலில் நின்று வாங்கிய செல்லம். ஜெர்மனியில் உலகக் கால்பந்துக் கிண்ணம் நடந்த ஆண்டு, இலை உதிரும் காலத்தில், அவள் ஆஹென் நகரத்துக்குப் படிக்கப் போய்விட்டாள். மாணவர் விடுதியில் பாம்புக்கு அனுமதி இல்லை. ஆகவே ஹாகன் நகரத்து வீட்டில் பவுண் தகப்பன் தலையில் விழுந்தது.

"மாதா காலாலை மிதிச்சதை நீங்கள் கையாலை தூக்கித் திரியிறியள்," என்று மக்டலீன், காலடியில் பாம்பு நசுங்கிக் கிடக்கும் மாதா சுரூபத்தைக் காட்டிக் கணவரை ஏசுவாள். யோசப் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. உண்மையைச் சொன்னால், அவருக்கும் மகளுக்கும் பேச இருந்த ஒரே விஷயம் அந்தப் பாம்புதான். தொலைபேசியில் "சாப்பிட்டியோ?" என்பார். "ஓம் அப்பா" என்பாள். பிறகு இரண்டு பேரும் தொண்டையைச் செருமுவார்கள். பவுணின் கதை வந்தால்தான் அவள் குரலுக்கு உயிர் வரும். முதலில் அடிக்கடி வீட்டுக்கு வந்தவள், பரீட்சை, வேலை என்று வருவதையே குறைத்துவிட்டாள். மனுஷனுக்கு வீடு வெறிச்சென்று கிடந்தது.

அப்போதுதான் அவருக்கு முட்டை யோசனை வந்தது. களஞ்சியத்தில் கூட வேலைசெய்யும் ஹோல்கரிடம் அதே இனத்தில் ஓர் ஆண் பாம்பு இருந்தது. வசந்தத்தில் இரண்டையும் சேர்த்துவிட்டால் கோடையில் முட்டை. முட்டைகளைச் சூடு தவறாமல் இரண்டு மாதம் காக்க வேண்டும். பொரித்த குஞ்சு ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, தனிச் சாப்பாடு, அப்புறம் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கவும் வேண்டும். ஓர் ஆளால் ஆகிற காரியமா? மெலனி வந்துதானே ஆகவேண்டும்!

ஹோல்கர் வந்து பவுணைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நிறை போதாது, இப்போது சேர்த்தால் முட்டை வயிற்றில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். மெலனியைக் கேட்டால், "நீங்கள்தானே பாக்கிறியள் அப்பா. நீங்களே முடிவெடுங்கோ," என்றுவிட்டாள்.

அடுத்த ஆண்டு வரை யாரால் பொறுக்க முடியும்? மெலிவுக்கு நம்மவர்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. வாரத்துக்கு ஓர் எலி தின்றுகொண்டிருந்த பவுணுக்கு, யோசப் உறைந்த எலிகளைச் சுடுதண்ணீரில் இளக்கி ஒன்றுவிட்டு ஒரு நாள் நீட்டினார். அதுவும் பெரிதாகப் பார்த்து. பாவம், நீட்டியதை எல்லாம் அது விழுங்கியது. ஒரு சனிக்கிழமை காலை பெட்டியைத் திறந்தபோது நாற்றம் குடலைப் பிடுங்கியது. தின்றதெல்லாம் வெளியே கிடந்தது. பவுண் ஒரு மூலையில் துவண்டு கிடந்தது.

"பிள்ளை, பவுண் சத்தி எடுத்திட்டுது." யோசப் உடனே மகளைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தொடாதேங்கோ. தண்ணி மட்டும் வையுங்கோ. நான் வாறன்."

மத்தியானமே வந்து நின்றாள். மேலங்கியைக் கூடக் கழற்றாமல் பவுணை மெல்லத் தூக்கி, வாயையும் வயிற்றையும் பார்த்தாள்.

"தப்பியிடும். ரெண்டு கிழமைக்கு ஒண்டும் குடுக்கக் கூடாது," என்றவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஏனப்பா இப்பிடிக் குடுத்தனீங்கள்? அப்பிடி என்ன அவசரம்?"

சும்மாதான் என்று சொல்ல யோசப் வாயெடுத்தார். அவள் உள்ளங்கையில் பவுண் கிடந்த கிடையைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"முட்டை இருந்தால் நீ கிழமைக்குக் கிழமை வருவாய் எண்டு நினைச்சன்."

மெலனி பவுணை மெல்லப் பெட்டிக்குள் வைத்தாள். "நான் அடிக்கடி வந்த நேரம் நீங்கள்தானே ஸ்டேசனிலை வைச்சுச் சொன்னியள், வீட்டை நினையாதை, சும்மா சும்மா வந்து மினக்கெடாதை எண்டு? நான் ரெயின் முழுக்க அழுதுகொண்டு போனனான்."

"அது தகப்பன்மார் சொல்லுற புத்திதானே, பிள்ளை."

"நான் வரத் தேவையில்லையாக்கும் எண்டு நினைச்சன்."

யோசப்புக்கு நெஞ்சு வெந்தது. பிள்ளைக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று சொன்ன சொல், பிள்ளையையே வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. பாம்பு இருக்கும் அறைக்குள் காலடி வைக்காத மக்டலீன் கதவடியில் நின்று, "தேப்பனும் மகளும் கதைக்கிறதுக்கு ஒரு சீவனைச் சாகடிக்கப் பாத்தியள்," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

அன்று மாலை யோசப் ஹோல்கரை அழைத்து, இந்த ஆண்டு வேண்டாம் என்றார். இனி அது தன்பாட்டில் வளரட்டும், வளர்ந்த பிறகும் குஞ்சு வேண்டுமா என்பதைப் பவுணுடைய உடம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்றும் சொல்லிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆஹென் ரயில் வந்து நின்றது. கவனமாகப் படி, நேரத்தை வீணாக்காதே என்று வழக்கமான புத்திமதி எல்லாம் வாய்வரை வந்தது. யோசப் அதை விழுங்கிக்கொண்டார்.

"மெலனி, வாற சனி வா."

"பவுணைப் பாக்கவோ?"

"இல்லைப் பிள்ளை. எனக்கு உன்னைப் பாக்கவேணும்."