கருத்து வேறுபாடு

"அந்த வார்த்தைய இனிமே வாயால சொல்லித் தொலைக்காத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

டீச்சரக்காவின் கணவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அவர் வேலை பார்த்த ஆலை மூடியதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

தெருக்கோடி ஓட்டுக் கட்டடத்தில் மாலையில் பெண்களைக் கூட்டி உட்காரவைப்பாள். புருஷன் அடித்தால் எங்கே போவது, யாரிடம் என்ன சொல்வது என்று சொல்லிக் கொடுப்பாள். அதுதான் அவளுக்கு அரசாங்கம் கொடுத்த வேலை. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. அடி, உதை என்று பேசிப் பேசியே குடும்பங்களைக் கெடுக்கிறார்கள் என்று புது அமைச்சர் மேடையில் முழங்கினார். 'பெண்கள் பாதுகாப்பு' என்ற பலகை இறங்கி, 'குடும்ப ஒற்றுமை' என்ற பலகை ஏறியது. இனி வகுப்பில் 'அடி' என்று சொல்லக் கூடாதாம். 'கருத்து வேறுபாடு' என்றுதான் சொல்ல வேண்டுமாம். ஆகா, என்ன கரிசனம்! பெயரை மாற்றிவிட்டால் பாகற்காய் இனித்துவிடுமா?

மாட்டேன் என்றால் வேலை போகும், அந்த அறைக்கும் பூட்டு விழும். பெண்கள் வந்து உட்கார ஓர் இடமாவது மிஞ்சட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, டீச்சரக்கா புது வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தாள்.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில் பெரிய வாயாடி தையல்காரிதான்.

"அக்கா, நேத்து எங்க வீட்டுல பயங்கரக் கருத்து வேறுபாடு. தொடப்பக்கட்டையே ஒடஞ்சு போச்சுன்னா பாத்துக்கங்களேன்!"

டீச்சரக்காவும் சிரித்தாள். பாவி, சிரித்தாளே!

அடுத்த வாரமே தையல்காரி போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். கழுத்தில் விரல் பதிந்த தடத்தைத் துணியால் மூடியிருந்தாள். பெரிய இடத்தில் மரியாதையாகப் பேச வேண்டுமே என்று, வகுப்பில் படித்தபடியே சொன்னாள்.

"எனக்கும் வீட்டுக்காரருக்கும் கருத்து வேறுபாடுங்க, ஐயா."

ஏட்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது எந்த வீட்டுலம்மா இல்ல? எனக்கும் என் பொண்டாட்டிக்கும் விடிஞ்சா அதான். போ, போய்ப் பேசித் தீத்துக்க."

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். கூனிக் குறுகித் திரும்பி வந்தாள்.

மறுநாள் சேதி கேட்டு டீச்சரக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கணவரும் பின்னாலேயே வந்தார். துணைக்குப் போயிருந்த பக்கத்து வீட்டுக்காரி, ஸ்டேஷனில் நடந்ததை வாசலிலேயே சொல்லி அழுதாள். உள்ளே, தையல்காரியின் உடைந்த தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தெருவையே சிரிக்கவைத்த வாய் அது.

"எப்படி ஆச்சு?" என்றாள் நர்ஸ், பேனாவை எடுத்துக்கொண்டு.

தையல்காரியின் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னான். "ஒண்ணுமில்லீங்க சிஸ்டர். சின்னக் கருத்து வேறுபாடு."

கணவர் டீச்சரக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். "வா, போயிடலாம். நமக்கெதுக்கு வம்பு? உன் வேலைய நெனச்சுப் பாரு."

அவள் கையை உதறினாள்.

"அடி!" என்றாள். வார்டே திரும்பிப் பார்த்தது. "அடின்னு எழுதுங்க சிஸ்டர். இந்த ஆளு அடிச்சான்."

"நீங்க இவங்களுக்கு யாரு?"

"தப்பாப் பாடம் சொல்லிக் குடுத்தவ."