தெருமுனை வரைக்கும்தான்

மலையேறுவதாக வேண்டிக்கொண்டது என் வீட்டுக்காரர் பழனியப்பன். ஏற வேண்டியது நானாம். எந்த ஊர் நியாயம் இது?

மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் என்னைப் போட்டு உலுக்கியபோது நான் நினைவில்லாமல் கிடந்தேன். பழனியப்பன் பக்கத்தில் நின்று அழுதிருக்கிறார். "முருகா, ருக்குமணி பொழச்சா தைப்பூசத்துக்கு வெறுங்காலோட நடந்து தண்ணிமலைக்குப் பால்குடம் எடுப்பா" என்று வேண்டியும் விட்டார். நான் பிழைத்தேன். அவர் அழுததை நினைத்தால் இன்றைக்கும் மனசு இளகும். அதற்காக என் காலை எடுத்து அவர் வாக்குக் கொடுத்ததைச் சும்மா விட முடியுமா?

எங்கள் வீடு ராணித் தெருவில். முருகன் கோயில் இருக்கும் தண்ணிமலையோ ஊருக்கு வெளியே, அதன் மேல் எத்தனையோ படிகள். நானோ சுவரைப் பிடிக்காமல் வாசலுக்கு வர முடியாதவள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுத்துவிட்டு, "எழுந்திரிக்கவே கூடாதும்மா" என்றார். நாத்தனார் புஷ்பவள்ளியோ, "சாமி காரியம்லா, அதுவே உன்னைத் தூக்கிட்டுப் போயிடும்" என்றாள். ஒருத்தர் படு என்கிறார், ஒருத்தி ஓடு என்கிறாள். உன்னால் எவ்வளவு முடியும் என்று யாருமே கேட்கவில்லை.

நானே முடிவு செய்தேன். முதலில் சுவரை விட்டுவிட்டு வாசல் வரை நடப்பது. அப்புறம் தெருக்குழாய். தைப்பூசத்துக்குள் தெருமுனையில் இருக்கும் இப்ராஹிம் அண்ணன் சாப்பாட்டுக் கடை. அதற்கு மேல் ஓர் அடி கிடையாது.

குழாயடியில் புஷ்பவள்ளி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "தெருமுனைக்கு நடக்கிறதெல்லாம் ஒரு நேர்த்திக்கடனா?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் வீம்புக்குத் தெருமுனையையும் தாண்டிப் பசார் சந்தை வரை நடந்தேன். திரும்பி வரும்போதே பல் கிட்டியது. மறுபடி காய்ச்சல், மறுபடி கொய்னா, மறுபடி சுவர். இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது என்று டிரெஸ்ஸர் கையை விரித்தார். அதற்குப் பிறகு யார் சிரித்தாலும் என் கால் என் பேச்சைத்தான் கேட்டது.

கோயிலில் காப்புக் கட்டும் நாள் வந்தது; ரிக்‌ஷாவில் போய் இறங்கினோம். என் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டுப் பூசாரி நகர்ந்தார்.

"சாமி, இவங்களுக்கும் கட்டுங்க" என்றேன்.

பழனியப்பன் பெருமையாகக் கையை நீட்டினார். துணைக்கு வருவதற்கு என்று நினைத்துக்கொண்டார், பாவம். அன்றிலிருந்து அவருக்கு ஒருவேளைச் சாப்பாடு. நான் மட்டும் மூன்று வேளையும் மரக்கறிச் சோற்றை வயிறு நிறையச் சாப்பிட்டேன். புஷ்பவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள். தேறுகிற உடம்புக்குச் சோறு வேண்டும், முருகனுக்கு அது தெரியும் என்றேன்.

தைப்பூசத்தன்று காலையில் தெருவெல்லாம் மேளமும் அரோகராவும். நான் பால்குடத்தைத் தலையில் வைத்து, யார் கையையும் பிடிக்காமல் நடந்தேன். கால் நடுங்கவில்லை. இப்ராஹிம் அண்ணன் கடை வந்ததும் நின்றேன்.

"ஏன் நின்னுட்ட? நட!" என்றாள் புஷ்பவள்ளி.

"என் தூரம் இவ்வளவுதான் அக்கா." குடத்தை இறக்கி வீட்டுக்காரர் முன்னால் நீட்டினேன். "இந்தாங்க, காப்புக் கட்டியிருக்கீங்க, விரதமும் இருந்திருக்கீங்க. மீதி உங்களோடது."

"நீ எடுப்பேன்னுதானே வேண்டியிருக்கேன்!"

"வேண்டுன வாய் உங்களோடது, நடக்கிற கால் மட்டும் என்னோடதா?"

கூட்டம் எங்களையே பார்த்தது. சாமிக்கான பாலைத் தெருவில் வைக்கவா முடியும்? பழனியப்பன் என்னை முறைத்தார், குடத்தை வாங்கித் தலையில் வைத்தார், நடந்தார். புஷ்பவள்ளி என்னைத் திட்டிக்கொண்டே அவர் பின்னால் ஓடினாள். நான் வந்த வழியே என் காலாலேயே வீட்டுக்குத் திரும்பினேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம் மலை உச்சியில் நின்றவர்களுக்குக்கூட இருந்திருக்காது.

சாயங்காலம் அவர் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். நான் குழாயடிக்குப் போய், காய்ச்சலுக்குப் பிறகு முதல் தடவையாக நிறைகுடம் தண்ணீர் இடுப்பில் கொண்டுவந்து, காய்ச்சி, அவர் காலுக்கு ஊற்றினேன்.

காலைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "அடுத்த வருசம் எதுவரைக்கும் நடப்ப?"

"அதை நானும் முருகனும் பேசிக்கிறோம். நீங்க நடுவுல வராதீங்க."