ஏழாம் கார்டின் மஞ்சள்

"என்ற பேரைக் கார்டுக்குப் பின்னாடி போடணுங்க," என்றாள் இளவேனில்.

கேட்கவே கூடாதென்று அவளிடம் சொல்லிவைத்திருந்தது அது ஒன்றைத்தான். சூலூர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் மனோஜ்குமார் சொல்லிவிட்டார்: லீவு கேளு, மின்விசிறி கேளு, பேரை மட்டும் கேக்காதே. அப்பன் மாசாணமும் அதையேதான் சொல்லி அனுப்பினார். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில் களை வெட்டிய குடும்பத்துக்கு அது மனப்பாடம். அவள்தான் முதல்முதலாகக் காலேஜுக்குப் போய், ஓவியம் படித்து, அந்த மனப்பாடத்தை மறந்தவள்.

அச்சக முதலாளி தம்பிதுரைக்குக் கருமத்தம்பட்டியில் நூறு தறியும் உண்டு. அறுபதைத் தாண்டியதும் நவீன ஓவியம் பிடித்துக்கொண்டது. அவர் வரைவதில் ஆளும் இருக்காது, மரமும் இருக்காது, நீலம்தான். பத்துப் படங்களைப் போஸ்ட் கார்டாக அடித்து, மகன் கல்யாணத் தாம்பூலப் பையில் தேங்காயோடு போடத் தீர்மானித்தார். முதலில் அடித்த கார்டுகளுக்குப் பத்திரிகைக்குத் தடவுகிறாப்போல நாலு மூலையிலும் மஞ்சள் வைக்கச் சொன்னார் அவர் மனைவி சாமியாத்தாள். இளவேனில் வைத்தாள். ஏழாம் கார்டில் மட்டும் தண்ணீர் கூடிப்போய் மஞ்சள் நடுவுக்கு ஓடியது. படமாவது பிழைக்கட்டுமென்று அதை விரலால் ஒரு வளைவாக இழுத்துவிட்டாள். மஞ்சள் வைத்ததுதான் ராசி என்று அச்சடிப்பவர் அதையே ஸ்கேன் பண்ணி ஐயாயிரம் அடித்துப்போட்டார்.

கல்யாணத்தில் ஏழாம் கார்டுக்கு அடிபிடி. ஓவியம் வாங்கும் பெங்களூர்க்காரர் ஒருவர் கார்டோடு வீடு தேடி வந்தார். சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். மஞ்சள் இல்லாததால் சுவரில் இருப்பது போலி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வாரம் தம்பிதுரை தாள் தாளாக மஞ்சள் இழுத்துப் பழகினார். சாம்பார் சிந்தினாப்பல இருக்குது என்றார் சாமியாத்தாள். கடைசியில் இளவேனிலை வீட்டுக்கே வரவழைத்து, மஞ்சள் கரைத்த கிண்ணத்தை முன்னால் வைத்து, அசல் படத்தில் அதே இழுப்பை இழுக்கச் சொன்னார்கள். கார்டையும் மறுபடி அடிப்பதாகப் பேச்சு. அப்போதுதான் அவள் தன் பேரைப் போடச் சொல்லிக் கேட்டது.

தம்பிதுரை கோபப்படவில்லை. நியாயஸ்தர். வெகுநேரம் யோசித்தார்.

"செரி அம்மணி. 'மஞ்சள்: ஈரோடு'ன்னு போட்டுரலாம்."

"மஞ்சளாங்க இழுத்துச்சு? இழுத்தது என்ற கையிங்க."

சாமியாத்தாளுக்கும் இதில் நியாயம் வேண்டியிருந்தது. மஞ்சள் தன் அண்ணன் காட்டில் விளைந்தது; அண்ணன் பேர் இல்லாவிட்டால் அவர் இனி எந்தச் சீருக்கும் வரமாட்டார். அண்ணனைப் போட்டால் அரைத்துக் கொடுத்த மில்லுக்காரரை எப்படி விடுவது என்றார் தம்பிதுரை. கூட வந்திருந்த மேனேஜர் மனோஜ்குமார் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, கார்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு மேல எடமில்லீங்க."

மூவரும் இளவேனிலை வருத்தத்தோடு பார்த்தார்கள். நிஜமான வருத்தம்தான்.

மில்லுக்காரர் பேரை எழுதும்போதே அவளுக்கு முடிவாகிவிட்டது. எழுந்தாள்.

"மஞ்சளை இழுத்துப்போட்டுப் போ கண்ணு," என்றார் தம்பிதுரை.

கல்யாணம் நடந்த வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் வாரேன் என்றுதான் சொல்வார்கள்.

"போறேனுங்க," என்று சொல்லிவிட்டு, மஞ்சள் கிண்ணத்தைத் தொடாமல், செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.