பதினெட்டு வீட்டுக் குருத்தோலை

சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு. பூசை முடிந்த கையோடு தனசீலன் அண்ணாச்சி துணிப்பையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் இறங்கிவிட்டார். மும்பை தாராவியின் அந்தச் சந்தில் பதினெட்டு கத்தோலிக்க வீடுகள். அவர்தான் அந்த வீடுகளின் ஜெபக் கூட்டமான அன்பியத்துக்குத் தலைவர். போன வருஷம் குருத்தோலை ஞாயிறுக்குக் கோயிலில் கொடுத்த ஓலைகளை வீடு வீடாக வாங்கிக் கோயிலில் சேர்ப்பது அவர் பொறுப்பு. அதை எரித்துத்தான் புதன்கிழமை நெற்றியில் பூசுகிற சாம்பல். ஓலையை வாங்கும்போது கையெடுத்துக் கும்பிட்டு ஒரு வசனமும் பேசுவார்.

“தவக்காலம் பொறக்கப் போவுது. தெரிஞ்சோ தெரியாமலோ நான் எதுவும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க.”

பதினெட்டு வீட்டுக்கும் அதே வசனம், அதே கும்பிடு. மன்னிப்பில் மொத்த வியாபாரம்.

முதல் வீடு லூர்து மேரியுடையது. மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஓலையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கொடுத்துவிடலாம் என்றுதான் வந்தாள், அது சத்தியம். மூன்று நாளாக ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு மனசோடு மல்லுக்கட்டியிருந்தாள். ஆனால் அந்தத் ‘தெரியாமலோ’ காதில் விழுந்ததும் உச்சந்தலை வரை எரிந்தது.

தெரியாமலா? அவள் மகள் லிசாவை அண்ணாச்சி தன் தங்கை மகனுக்குப் பெண் கேட்டார். இல்லை என்றதும், குர்லாவில் நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு நேரே போய், பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று சொல்லிவிட்டு வந்த மனுஷன் இவர். நிச்சயம் முறிந்தது; யார் சொன்னது என்பதைக் குர்லாக்காரர்களே பிறகு சொன்னார்கள். அப்புறம் வந்த இரண்டு சம்பந்தமும் அந்தப் பேச்சைக் கேட்டே திரும்பிப் போனது. லிசாவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஜுரம் வந்தால் அதிகம்.

“எந்தத் தப்பு அண்ணாச்சி?”

“பொதுவாச் சொல்லுததுதானம்மா.”

“குர்லாவுல பொதுவாவா சொன்னிய? எம் மவ பேரச் சொல்லித்தான சொன்னிய?”

“பழசக் கிளறாத. மன்னிக்கலேன்னா ஒனக்குத்தான் பாவம்.” அவர் அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அநியாயம் செய்தது அவர், பாவம் இவளுக்காம்! லூர்து மேரி கையில் ஓலையோடு பின்னாலேயே போனாள். அங்கே அவர் கும்பிட்டு முடித்ததும், “எந்தத் தப்புன்னு கேளு பிலோமி” என்றாள் அந்த வீட்டுக்காரியிடம். மூன்றாவது வீட்டிலும் கேட்கச் சொன்னாள். நாலாவதிலும் விடவில்லை. “மம்மி, ஜானே தோ, விட்டுரு” என்று லிசா முந்தானையைப் பிடித்துக் கெஞ்சினாள். மானம் போகிறதாம். போன மானத்தைத் தேடித்தான் அம்மா வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தாள்.

ஆறாவது வீடு வருவதற்குள் பாதிச் சந்து பின்னால் கூடிவிட்டது. ஏழாவது வாசலில் அண்ணாச்சிக்கு வேர்த்து ஊற்றியது. கும்பிட்ட கை அப்படியே நின்றது. வசனத்தை விட்டுவிட்டுப் பின்னால் நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“லிசாவுக்கு வலிப்புன்னு குர்லாவுல சொன்னது நான்தான்,” என்றார். “பொய்யி. எந் தங்கச்சி மவனுக்குத் தரலேங்குற ஆத்திரம்.”

“கேக்கல. சத்தமாச் சொல்லுங்க.”

சத்தமாகச் சொன்னார்.

“இன்னும் பதினோரு வீடு இருக்கு. நடங்க.”

பதினோரு வாசலிலும் சொன்னார். கடைசி வீட்டுக்கு வரும்போது குரல் கம்மிவிட்டது. லூர்து மேரி தன் ஓலையை மடித்து அவர் பைக்குள் போட்டாள்.

“இப்பவாவது மன்னிச்சிட்டியாம்மா?”

அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். எரிச்சல் அப்படியேதான் இருந்தது. தவக்காலத்துக்கு முன்னால் இன்னொரு பொய் எதற்கு?

“இல்ல அண்ணாச்சி. ஓலையத்தான் தந்திருக்கேன். நாப்பது நாள் கெடக்குல்லா, மன்னிக்க நான் முட்டிப் பாக்கேன். நீங்க மொதல்ல குர்லாவுக்கு வண்டி ஏறுங்க.”