மாமியார் உட்கார்ந்த வாசல்

என்னைக் கட்டிப் பதினோரு வருஷம் ஆகியும் என் புருஷன் கரடிச்சட்டை என் அம்மாவின் முகத்தைப் பார்த்ததில்லை. அம்மாவும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. காட்டெருமை வேட்டையாடித் திரிந்த எங்கள் பிகானி ஜனத்தில் மாமியாரும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, தொடவே கூடாது. பகை என்று நினைத்துவிட வேண்டாம், அவ்வளவு மரியாதை. அவன் தூரத்தில் வரும்போதே இருமுவான். அம்மா போர்வையை இழுத்து முக்காடு போட்டுக்கொள்வாள். தோல் கூடாரங்களில் இருந்த காலத்தில் இது பெரிய காரியமே இல்லை. கூடாரத்தைக் கொஞ்சம் தள்ளி அடித்தால் முடிந்தது.

காட்டெருமைகள் அழிந்த பிறகு வெள்ளைக்கார அதிகாரி வந்தான். எங்களையெல்லாம் கரும்பாறை ஓடைக்கரையில் மரக்கட்டை வீடுகளில் வரிசையாக அடைத்தான். அம்மா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் பத்தடி. ரேஷன் மாட்டிறைச்சிக்கு நிற்கும்போது மாமியாரும் மாப்பிள்ளையும் முன்னும் பின்னுமாக நிற்க வேண்டும். அம்மா போர்வைக்குள் புகுந்துகொண்டு தட்டுத் தடுமாறி நகர்வாள். இவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவான். அதிகாரியின் ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்த ஒவ்வொருவனையும் நான் வாயாரச் சபித்திருக்கிறேன். ஒன்றும் பலிக்கவில்லை.

கரடிச்சட்டை அதிகாரியின் போலீஸில் சேர்ந்ததற்கு நான்தான் காரணம். இதை மறைக்க மாட்டேன். பட்டினிக் குளிர்காலத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். நீலச் சட்டை போட்டால் இரட்டைப் பங்கு இறைச்சி என்றார்கள். நான் விடாமல் நச்சரித்தேன், போய்ச் சேர்ந்தான். அந்தச் சட்டைக்கு என்ன வேலை வைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடித்து வெள்ளைக்காரர்களின் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

என் தம்பி போனது அப்படித்தான். அப்போது பிடித்தது வேறு போலீஸ்காரன். மூன்றாம் வருஷம் தம்பி பெட்டியில் திரும்பி வந்தான். பெட்டியைத் திறந்து பார்க்கக்கூட விடவில்லை. அம்மாவிடம் மிச்சமிருந்தது கடைக்குட்டி ஒருத்தி, எட்டு வயசு. பெரியப்பா சண்டையில் எதிரியின் குதிரையை முதல் ஆளாகப் பிடித்த ஞாபகமாக அவளுக்கு 'முதலில் பிடித்தவள்' என்று பெயர். எங்களுக்கு அவள் சுண்டெலி.

பனி உருகும் மாதத்தில் ஒரு காலை, சுண்டெலிக்காக வண்டி வருகிறது என்று செய்தி வந்தது. நான் அம்மா வீட்டுக்கு ஓடினேன்.

"யார் கூட வர்றாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அந்த வெள்ளைக்காரன் மீசைதின்னி வர்றான். போலீஸ்ல உன் மாப்பிள்ளை மட்டும்தான். மத்தவங்களை எல்லாம் மேல் ஓடைக்கு அனுப்பிட்டாங்க."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "மாப்பிள்ளை மட்டும்தானா? அப்ப வரட்டும். எப்படி உள்ள வர்றார்னு நானும் பாக்கறேன்."

சுண்டெலியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். முக்காட்டுப் போர்வையைக் கழற்றி உள்ளே வீசினாள். தோலுரிக்கும் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, வெறுந்தலையோடு வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. அம்மா இவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

வண்டி வந்தது. கரடிச்சட்டை இறங்கினான். வாசலில் வெறுந்தலை தெரிந்த மாத்திரத்தில் சுடுதண்ணீர் பட்டவன் மாதிரி திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"உங்க அம்மாவ முக்காடு போட்டுக்கச் சொல்லு, புள்ள."

"அம்மா, முக்காடு போட்டுக்கணுமாம்."

"போர்வைய நாய் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லு" என்றாள் அம்மா.

"நாய் தூக்கிட்டுப் போயிருச்சாம்."

"எந்த நாய்?"

"நீலச் சட்டை போட்ட நாயாம்." இது அம்மா சொன்னதில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அவன் கழுத்து சிவந்தது. வண்டியில் இருந்த மீசைதின்னி அதிகாரியின் கையாள். எப்போதும் மீசை நுனியை மென்றுகொண்டிருப்பதால் நாங்கள் வைத்த பெயர் அது. எங்கள் பேச்சை அரைகுறையாகப் பேசுவான். கோடாரிக்காம்பைக் கையில் பிடித்திருந்தாலும் அம்மாவின் மடியில் இருந்த கத்தியைப் பார்த்ததும் கீழே இறங்கவில்லை. பயந்தாங்கொள்ளி.

"என்ன விளையாட்டு இது?" என்று கத்தினான். "மதியத்துக்குள்ள பொண்ணு வண்டியில ஏறணும். இல்லன்னா நீ சட்டையக் கழட்டு. இந்த முப்பது வீட்டுக்கும் ரேஷன் கிடையாது. மாசம் முழுக்கக் கிடையாது!"

கரடிச்சட்டை என் பக்கமாகச் சாய்ந்து மெதுவாகச் சொன்னான். "முப்பது வீடு, புள்ள. பக்கத்து வீட்டுல பச்சக் குழந்தை இருக்கு."

"இருக்கட்டும்."

"பள்ளிக்கூடத்துல வேளாவேளைக்குச் சாப்பாடு போடறாங்க."

"என் தம்பிக்குப் போட்டாங்களே, அந்தச் சாப்பாடா?"

  அவன் கழுத்துத் துணியை அவிழ்த்து, கண்ணை மூடி இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"கண்ணக் கட்டிக்கிட்டா பாத்ததா ஆகாது. உங்க அம்மாவக் கொஞ்சம் நகரச் சொல்லு. நான் தொடாம உள்ள போயிடறேன்."

"நகர மாட்டாங்க. தொட்டுத்தான் போகணும்."

"நீ என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ."

"பிடிக்க மாட்டேன். செத்தாலும் பிடிக்க மாட்டேன்யா."

அவன் போலீஸ் தடியை முன்னால் நீட்டித் தரையைத் தட்டிக்கொண்டு தானே நடந்தான். ஆறடி ஆள், குருடன் மாதிரி ஒவ்வொரு அடியாக வந்தான். தடி வாசற்படியில் இடித்தது. அம்மாவுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான் இருந்தது. அம்மா கத்தியை ஓங்கியிருக்கலாம், சும்மா உட்கார்ந்தும் இருக்கலாம். அவள் என்ன செய்தாள் தெரியுமா? பதினோரு வருஷப் பழக்கம். மாப்பிள்ளை இவ்வளவு கிட்டே வந்ததும் வெட்கத்தில் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவன் கண்ணில் துணி கட்டியிருந்தது அவளுக்கு உறைக்கவே இல்லை. கத்தி மடியிலிருந்து நழுவி விழுந்தது.

மீசைதின்னி அதற்காகவே காத்திருந்தான். ஒரே தாவலில் வண்டியிலிருந்து குதித்து வந்து கத்தியை எட்டி உதைத்தான். கோடாரிக்காம்பால் அம்மாவின் முழங்கையில் அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. இரண்டாவது அடி வாயில் விழுந்தது. அம்மா அலறினாள்.

அந்த அலறலைக் கேட்டதும் என் புருஷன் மாறிப்போனான். அதை நான் சொல்லியாக வேண்டும், நியாயம் என்று ஒன்று இருக்கிறது. "கைய எடுடா!" என்று உறுமிக்கொண்டு தடியைச் சுழற்றினான். முதல் வீச்சு மீசைதின்னியின் தோளில் விழுந்தது. அந்தப் பாவி உடனே அம்மாவின் தலைமுடியைப் பற்றித் தூக்கித் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டான்.

"கட்ட அவுருய்யா! கண்ணத் திற!" என்று நான் கத்தினேன்.

"அவங்க முக்காடு போட்டிருக்காங்களா?" என்றான்.

போட்டிருக்காங்க என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை நான், எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் பாழும் வாயில் உண்மைதான் வந்தது.

"இல்ல!"

அவன் துணியை அவிழ்க்கவில்லை. மீசைதின்னி மூச்சு வாங்கிய பக்கம் தடியை ஓங்கி அடித்தான். திரும்பவும் அடித்தான். இரண்டு அடியும் அம்மாவின் தலையில் விழுந்தன. இரண்டாவது அடியில் அவள் சத்தம் நின்றுவிட்டது. நான் பாய்ந்து அவன் கையைப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மீசைதின்னி அம்மாவைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனான். கட்டிலுக்கு அடியிலிருந்து சுண்டெலியைக் காலைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். சுவரோடு சேர்த்து ஒரு அறை அறைந்தான். அவள் தலையில் சாக்கைக் கவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவைத் தாண்டி வெளியே வந்தான். "அக்கா! அக்கா!" என்று சாக்குக்குள்ளிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் ஓடிப்போய் வண்டியின் பின்பலகையைப் பிடித்துத் தொங்கினேன். சாட்டையால் முகத்தில் அடித்தான். நான் விடவில்லை. பூட்ஸ் காலால் விரல்களை மிதித்தான். இரண்டு விரல் இன்றும் மடங்காது. ஓடையைத் தாண்டும் வரை இழுபட்டுப் போய், கடைசியில் சேற்றில் விழுந்தேன்.

திரும்பி வந்தபோது கரடிச்சட்டை வாசலுக்கு முதுகைக் காட்டி மண்டி போட்டிருந்தான். கண்ணில் இன்னும் அந்தத் துணி.

"உங்க அம்மாவுக்கு அடி பட்டிருச்சா? கேட்டுச் சொல்லு, புள்ள" என்றான்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு வெறி வந்ததோ தெரியாது. துணியைப் பிய்த்தெறிந்தேன். ஜடையைப் பிடித்து அவன் தலையைத் திருப்பினேன். "பாரு! இனிமே பாக்கலாம். அவங்க வெக்கப்பட மாட்டாங்க!"

பார்த்தான். அம்மாவின் வாயில் பாதிப் பல் இல்லை, ஒரு பக்க மண்டை உள்ளே போயிருந்தது. அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்ன மாதிரியே இருக்காங்க" என்றான்.

அதன் பிறகு அவன் என்னிடம் என்ன சொன்னாலும் காதில் விழவில்லை. குடித்துவிட்டுப் போட்ட சண்டையில் பெண் ஒருத்தி செத்தாள் என்று அதிகாரி காகிதத்தில் எழுதிக்கொண்டான். என் அம்மா சாராயத்தை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. எங்கள் வழக்கப்படி அவள் உடலைப் போர்வையில் சுற்றி, புதைக்காமல் மரக்கிளையில் கிடத்தினோம். எங்கள் துக்க முறைப்படி அந்தக் கத்தியாலேயே என் இரண்டு கெண்டைக்காலையும் கீறிக்கொண்டேன். என் முடியைக் காதுக்கு மேலே ஒட்ட வெட்டி எறிந்தேன். எங்களில் தலைமுடியை இப்படி வெட்டினால் வீட்டில் சாவு என்று அர்த்தம், வேறு எதற்கும் வெட்ட மாட்டோம். பிறகு கரடிச்சட்டையின் குதிரையை அவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

இரண்டு நாள் பயணம். வாசலில் விரட்டினார்கள். நாயை ஏவினார்கள். நான் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நாலாம் நாள் பிற்பகல் பெண் பிள்ளைகளை உருளைக்கிழங்கு நடக் கூட்டிவந்தார்கள். ஒரே சாம்பல் நிறக் கவுன், ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய தலை. என் தங்கை எவள் என்றே எனக்குத் தெரியவில்லை. அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். காவல்காரி அந்தப் பக்கம் திரும்பியதும் வேலியோரம் வந்து குந்தினாள். கன்னத்தில் அறை வாங்கிய வீக்கம் இன்னும் மஞ்சளாக இருந்தது.

என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலையையே பார்த்தாள்.

"அம்மாவா?"

தலையை ஆட்டினேன். அவளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் போல இருந்தது. கம்பிக்குள் என் கை மணிக்கட்டு வரைதான் போயிற்று.

அவள் அழவில்லை. ஒரு கையால் என் விரலைப் பிடித்தாள், இன்னொரு கையால் தன் தலையைத் தடவிக்கொண்டாள்.

"நான் வந்த அன்னைக்கே எனக்கும் வெட்டிட்டாங்க அக்கா. அம்மா செத்தது இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் திரும்பிக் கிழங்கு வயலைப் பார்த்தாள்.

"இங்க நாப்பது பொண்ணுங்க இருக்கோம். எல்லாரோட அம்மாவுமா செத்துட்டாங்க?"